வழிப்போக்கரும் வலைச் சத்திரமும்

மக்கள் ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கிய நாள்தொட்டே வழியிடை அவர்க்கு உதவும் அறங்களும் தோன்றின. சாலையோரத்தே நிழல்மரம் நட்டனர். கோடையிலே தண்ணீர்ப் பந்தர் வைத்தனர். தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுதற்குச் சுமைதாங்கிக் கல் நாட்டினர். இரவிலே தங்குதற்குச் சத்திரமும் சாவடியும் சமைத்தனர். இவற்றைச் செய்தோர், வருவோர் யாவர், எவ்வூரினர் என்று வினவினாரல்லர். ஆயினும், அறத்தை நம்பி வருவோர் கூடும் இடத்தே அவர்தம் மடியை நம்பி வருவோரும் கூடுவர் என்பதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சத்திரத்துத் திண்ணையிற் படுத்தோர் பணமுடிப்பை இடுப்பிற் செருகிக்கொண்டே துயின்றனர். அது பற்றிச் சத்திரத்தைப் பழித்தாருமிலர். சத்திரமே வேண்டா என்று காட்டிற் கிடந்தாருமிலர்.

இக்காலத்து வழிப்போக்கர்க்கு அத்தகையதொரு சத்திரமாய் அமைந்தது பொதுவிடங்களில் வழங்கும் வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்பு. இரயில் நிலையம், விமான நிலையம், உணவு விடுதி, தங்கும் விடுதி, மருத்துவமனை எனச் செல்லுமிடமெல்லாம் அஃது உண்டு. அதனைப் பற்றி இருவகைக் கூற்று நம்மிடையே வழங்குகின்றது. ஒரு சாரார், ‘அதனைத் தொடவே தொடாதீர்; தொட்டால் வங்கியிலுள்ள பணம் போம்’ என்று அச்சுறுத்துவர். மற்றொரு சாரார், திரையிலே பெயர் கண்ட அளவில் விரலை வைத்து, கேட்டதையெல்லாம் கொடுத்து உட்புகுவர். அச்சமும் அயர்ப்புமாகிய இவ்விரண்டும் ஒவ்வா என்பதும், இரண்டிற்கும் நடுவே அறிவொடு செல்லும் நெறியொன்று உண்டு என்பதும், அந்நெறியிலே வழிப்போக்கர்க்கு மட்டுமன்றிச் சத்திரம் வைத்தார்க்கும் கடமை உண்டு என்பதும் எமது கருத்து. அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் இவ்விணைப்பு யார்க்குப் பயன்படுகின்றது என்பதனை நோக்குவோம். 2016ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் ரெயில்டெல் நிறுவனமும் கூகுள் நிறுவனமும் கூடிப் பயணிகட்கு இலவச வைஃபையை வழங்கத் தொடங்கின. 2018 ஜூனில் அஸ்ஸாமிலுள்ள திப்ருகர் நிலையத்தோடு நானூறு நிலையங்கள் நிறைவெய்தின. 2020இல் கூகுள் இப்பணியினின்றும் விலகுவதாக அறிவித்தது. ரெயில்டெல்லோ தொடர்ந்து நடத்தி 6,000க்கு மேற்பட்ட நிலையங்கட்கு அதனை விரிவுபடுத்திற்று. 2021இல் கட்டணத் திட்டங்கள் வகுக்கப்பட்டபோதும், நாள்தோறும் முதல் அரைமணி நேரம் இலவசமாகவே வைக்கப்பட்டது.

கேரளத்து எர்ணாகுளம் சந்திப்பில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், நிலையத்து இலவச இணைப்பினாற் பாடங்களைப் பெற்று, தலையிற் சுமையும் காதிற் பாடமுமாக உழைத்துப் படித்து, அம்மாநில அரசுப் பணித் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்விலே தேறினார் என்ற செய்தி 2018இல் நாடெங்கும் வெளிவந்தது. அவர் கையில் விலையுயர்ந்த நூல்கள் இல்லை; பயிற்சிக் கூடத்திற்குச் செல்லப் பொழுதும் இல்லை. நிலையத்தின் மேடையே அவர்க்குப் பள்ளியாயிற்று. ‘பொது இணைப்பைத் தொடாதீர்’ என்னும் அறிவுரையை இத்தகையார் செவியில் ஓதிப் பார்மின்! மாதந்தோறும் வேண்டிய அளவு தரவு வாங்க வல்லார்க்கு அவ்வுரை எளிது. அன்றன்றைய தரவு உச்சிப்பொழுதிலேயே தீர்ந்துபோம் மாணவர்க்கும், வேற்று நாட்டு விமான நிலையத்தில் இறங்கித் தம் செல்பேசி எண் ஊமையாய் நிற்கக் காணும் தொழிலாளர்க்கும், அலை எட்டாத மருத்துவமனைக் கட்டடத்துள் நோயாளியருகே விழித்திருப்பார்க்கும் அஃது உதவாத உரை. விலகிய நிறுவனம், இந்நாட்டில் செல்பேசித் தரவு மலிந்துவிட்டது என்று காரணம் காட்டிற்று. அது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் மலிவு என்பது எல்லார் மடிக்கும் ஒரே அளவினதன்று.

நிற்க. இனி இதன்கண் உள்ள இடர் யாது என்று ஆராய்வோம். அச்சத்தைத் தவிர்த்தற்குரிய வழி அறிதலேயன்றோ? வைஃபை என்பது வானொலியின் இளவல். சுவரில் மாட்டிய சிறு பெட்டிக்கும் நம் செல்பேசிக்கும் இடையே அலை வடிவிற் செய்தி சென்றுவருகின்றது. அலையோ ஒருவர் காதில் மட்டும் ஓதும் தூதன் அன்று, நாற்புறமும் பரவுவது. கடவுச்சொல் வேண்டாத திறந்த இணைப்பிலே, அடுத்த இருக்கையில் அமர்ந்தவர்தம் கருவியும் நம் அலையைப் பற்றிக்கொள்ளும். உணவு விடுதிச் சுவர்ப்பலகையிற் கடவுச்சொல் எழுதியிருப்பக் கண்டு, ‘இங்கே காவல் உண்டு’ என்று மகிழ்வாரும் உளர். ஊரறிந்த திறவுகோலாற் பூட்டுக்கு என்ன பெருமை? இன்றும் பலவிடத்து வழங்கும் டபிள்யூ.பி.ஏ.2 என்னும் முறையில், அப்பொதுக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், நம் கருவி இணைப்பிற் புகும் கணத்துச் செய்திகளையும் பற்றிக்கொள்வாராயின், அலையின் மறையை விடுவித்தல் அவர்க்கு இயலும்.

இவ்விடர் எத்துணைப் பெரிது என்பதனை உலகுக்குக் காட்டியது ஃபயர்ஷீப் என்னும் சிறு கருவி. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் மென்பொருள் வல்லுநர் அதனை வெளியிட்டார். அக்காலத்துப் பல தளங்கள், கடவுச்சொல்லைப் பெறும் வேளையில் மட்டும் மறைமொழியைக் கையாண்டு, பின்னர் நிகழும் உரையாடலையெல்லாம் வெளிப்படையாகவே அனுப்பி வந்தன. மிதிவண்டி நிலையத்தில் வண்டியை விட்டால் ஒரு வில்லை தருவர். வில்லையைக் காட்டினார்க்கு, ‘நீர் யார்?’ என்று கேளாமல் வண்டியைக் கொடுப்பர். தளங்களும் உட்புகுந்தார்க்கு அத்தகையதொரு வில்லையைத் தருகின்றன. அதனைக் குக்கீ என்பர். ஃபயர்ஷீப் அவ்வில்லையை அலையிலிருந்தே எடுத்துக்கொண்டது. ஒரே உணவு விடுதியில் அமர்ந்த ஒருவர், மற்றொருவருடைய ஃபேஸ்புக் கணக்கினுள் ஒரு சொடுக்கிலே புகலாயிற்று. கள்வர்க்கு உதவுதல் அக்கருவியின் நோக்கமன்று. நிறுவனங்களின் மெத்தனத்தை அம்பலப்படுத்துதலே நோக்கம்.

அந்நோக்கம் வீண்போகவில்லை. 2013இல் ஃபேஸ்புக் தன் தளம் முழுவதையும் எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறைமொழிப் போக்குவரவிற்கு மாற்றிற்று. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு, அதற்கு வேண்டிய சான்றிதழை எவர்க்கும் இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 2018 ஜூலையில் வெளிவந்த குரோம் உலாவி, மறைமொழியில்லாத் தளங்களையெல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று முத்திரையிட்டது. இன்று நம் செல்பேசிக்கும் வங்கித் தளத்திற்கும் இடையே செல்வது முத்திரையிட்ட உறை. அலையைப் பற்றினார்க்கு உறையின் மேலுள்ள முகவரி, அஃதாவது நாம் எத்தளத்திற்குச் சென்றோம் என்பது பெரும்பாலும் தெரியலாம். உள்ளிருக்கும் கடிதம் தெரியாது. அமெரிக்க நாட்டு நுகர்வோரைக் காக்கும் கூட்டாட்சி வணிக ஆணையமும் 2023இல், மறைமொழி பரவிவிட்டமையாற் பொது இணைப்பைப் பயன்படுத்துதல் பெரும்பாலும் தீங்கற்றது என்று தன் அறிவுரையைத் திருத்தியமைத்தது. ஆதலின், ஒட்டுக்கேட்பார்க்கு அஞ்சிப் பொது இணைப்பையே துறத்தல், காவல் நிறைந்த சாலையில் பழைய கொள்ளையரை எண்ணி நடுங்குதல் போல்வதாகும்.

அங்ஙனமாயின் இடரே இல்லையோ எனின், உண்டு; அஃது இடம் மாறி நிற்கின்றது. ஒட்டுக்கேட்டவன் இன்று வேடம் பூண்டு வருகின்றான். நம் உறையைப் பிரிக்கும் வழி அடைபட்டமையின், நாமே உறையைப் பிரித்து அவன் கையிற் கொடுக்கும் வழியைத் தேடுகின்றான். சத்திரத்திற்கு எதிரே அதே பெயர்ப்பலகையோடு மற்றொரு சத்திரத்தைத் திறந்து வைப்பதே அவ்வழி. வைஃபை இணைப்பின் பெயர் எவர்க்கும் உரிமையுடையதன்று. நிலையத்தின் பெயரை எவனும் தன் கைப்பெட்டிக்கு இட்டுக்கொள்ளலாம். முன்பு ஒருமுறை சேர்ந்த திறந்த இணைப்பின் பெயரை நம் செல்பேசி நினைவில் வைத்து, அப்பெயர் மீண்டும் தோன்றிய அளவிலே நம்மைக் கேளாமலே சென்று சேர்தலும் உண்டு.

இதற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த வழக்கொன்று தக்க சான்று. 2024 ஏப்ரலில், உள்நாட்டு விமானமொன்றில் ஐயத்திற்குரிய வைஃபை இணைப்பு தோன்றக் கண்ட விமான நிறுவனத்தின் பணியாளர் அதனை அறிவித்தனர். அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறையினர் பெர்த் விமான நிலையத்தில் ஒருவர்தம் பயணப் பையைச் சோதித்து, கையடக்கமான அலைபரப்புங் கருவியைக் கைப்பற்றினர். பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும், பறக்கும் விமானங்களிலும் அவர் போலி இணைப்புக்களை வைத்திருந்தமை புலப்பட்டது. அதில் இணைந்த பயணிகட்கு ஒரு பக்கம் தோன்றும்; மின்னஞ்சலின் பெயரும் கடவுச்சொல்லும் இட்டால் இலவச இணைப்பு என்று அது கூறும். பயணிகள் இட்டனர். பெண்டிர் பலருடைய கணக்குக்களிற் புகுந்து அந்தரங்கப் படங்களைக் கவர்ந்தமையும் பின்னர் வெளிப்பட்டது. 2025 நவம்பரில் நீதிமன்றம் அவர்க்கு ஏழாண்டும் நான்கு திங்களும் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வழக்கினை உற்றுநோக்குக. அம்மனிதர் மறைமொழி எதனையும் உடைத்தாரல்லர். வங்கியின் கோட்டையைத் தகர்த்தாரல்லர். ஒரு வினாவைக் கேட்டார். மக்கள் விடை கொடுத்தனர். இழந்தது பொருளாயின் ஈட்டிக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் அந்தரங்கம் அயலான் கைப்பட்டதற்கு ஈடு யாது? ‘எம்மிடம் கவர்தற்கு என்ன இருக்கின்றது? யாம் ஏழை மாணவரேம்’ என்று கூறும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வங்கியில் நூறு ரூபாயும் இல்லாத மாணவனிடத்தும் ஒரு செல்வம் உண்டு. அதுவே அவன் பெயர். அவன் கணக்கினுட் புகுந்தவன், அவன் பெயராலே அன்னையிடமும் தோழரிடமும், ‘அவசரம், பணம் அனுப்புக’ என்று கேட்பான். அவனை நம்பினார் அனைவரும் அவன் பொருட்டு இழப்பர். நம் கணக்கைக் காத்தல் நம்மை நம்பினாரைக் காத்தலே என்க.

போலிச் சத்திரமேயன்றி, மெய்ச் சத்திரத்தினுள்ளும் ஊறு நேர்தல் உண்டு. 2024 செப்டம்பரில் இங்கிலாந்து முதலிய பிரித்தானியப் பகுதிகளின் 19 பெரிய இரயில் நிலையங்களில், வைஃபையில் இணைந்தோர்க்கு வரவேற்புப் பக்கத்திற்கு மாறாக மதவெறுப்பைத் தூண்டும் செய்தி தோன்றிற்று. அச்சேவையில் ஈடுபட்ட நிறுவனம் ஒன்றன் பணியாளரே அது தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். பயணிகளின் விவரம் ஏதும் களவுபோகவில்லை என்று கூறப்பட்டது. ஆயினும் வாயிற்பக்கத்தை மாற்ற வல்லார் உள்ளேயே இருத்தல் கூடும் என்பது தெளிவாயிற்று. 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்றும் இதனை வலியுறுத்தும். ஆசிய நாடுகளின் உயர்தர விடுதிகளில் தங்கிய நிறுவனத் தலைவர்களைக் குறிவைத்து ஒரு கூட்டத்தார் பல்லாண்டு இயங்கினர். டார்க்ஹோட்டல் என்பது அவர்க்கு இட்ட பெயர். விடுதி இணைப்பிற் புகுந்தோர்க்கு, நன்கறிந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்துளது, நிறுவிக்கொள்க என்னும் அறிவிப்பு தோன்றும். நிறுவினாரது கணினியில் ஒற்றுமென்பொருள் குடிபுகும். அறைக்கு மிகுந்த கட்டணம் கொடுத்தமையால் அவ்விடுதியின் அலை தூயதாய்விடவில்லை.

இனி, நாம் கைக்கொள்ளத் தக்கன யாவை? அவை பலவல்ல, கடினமும் அல்ல. ஓரிணைப்பிற் சேருமுன், அதன் சரியான பெயரை ஆண்டுப் பணிபுரிவோரிடம் வாயினாற் கேட்டறிதல் முதலாவது. வேலை முடிந்தபின் அவ்விணைப்பை மறக்குமாறு செல்பேசிக்குக் கட்டளையிடுதலும், தானே சென்று சேரும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்தலும் இரண்டாவது. மூன்றாவது எல்லாவற்றினும் தலையாயது: வாயிற்பக்கம் எதனைக் கேட்கின்றது என்று நின்று நோக்குதல். நம் நாட்டு நிலையங்களில் செல்பேசி எண்ணைக் கேட்டு, அதற்கு ஓ.டி.பி. அனுப்பி உள்விடுவது வழக்கம். அந்த ஓ.டி.பி. எதன் பொருட்டு வந்தது என்று செய்தியை முழுதும் படித்தல் வேண்டும். வாட்ஸ்அப்பிற்கோ வங்கிக்கோ உரிய எண்ணாயின், வாயிலிலேயே திரும்பிவிடுக. மின்னஞ்சலின் கடவுச்சொல், அட்டையின் எண், ஆதார் எண் ஆகியவற்றைக் கேட்கும் இலவசம் இலவசமன்று. தண்ணீர்ப் பந்தரில் மோர் வார்ப்பவர் நம் வீட்டுச் சாவியைக் கேட்பரோ?

நான்காவது, உலாவி, ‘இத்தளத்தின் சான்றிதழ் சரியன்று’ என்று எச்சரிக்கும்போது அதனைத் தள்ளிவிட்டு மேற்செல்லாமை. நமக்கும் தளத்திற்கும் இடையே யாரோ நிற்கின்றனர் என்பதற்கு அஃது அறிகுறியாகலாம். ஐந்தாவது, வழியிலே தோன்றும் மென்பொருள் அறிவிப்புக்களை ஏலாமை. புதுப்பிக்க வேண்டியவற்றை வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே புதுப்பித்தல் நன்று. 2017 அக்டோபரில் மாத்தி வான்ஹோஃப் என்னும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர், டபிள்யூ.பி.ஏ.2 முறையிலேயே கிராக் என்னும் பிழையைக் கண்டு வெளியிட்டார். திருத்தத்தை ஏற்றுக்கொண்ட கருவிகள் தப்பின. பழைய மென்பொருளோடு பயணம் புறப்படுதல் ஓட்டைக் குடையோடு மாரிக்காலத்திற் புறப்படுதலேயாம்.

ஆறாவது, பணம் பற்றிய செயல்களைச் செல்பேசியின் சொந்தத் தரவிலே செய்தல். வங்கிச் செயலிகள் மறைமொழியிலேயே இயங்குவன என்பதனை மேலே கூறினோம். ஆயினும், யூ.பி.ஐ. வாயிலாகப் பணம் அனுப்புதற்கு வேண்டும் தரவு மிகச் சிறிது. அச்சிறு செலவினால் ஓர் ஐயமே ஒழியுமாயின் அஃது இலாபமன்றோ? மின்னஞ்சலுக்கு இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தலும், கூடுமாயின் பாஸ்கீ என்னும் புதுமுறைக்கு மாறுதலும் ஏழாவது. பாஸ்கீ உண்மை முகவரியில் மட்டுமே வாய் திறக்கும். போலிப் பக்கத்தில் நாமே விரும்பினும் அதனைக் கொடுத்தல் இயலாது. நம் அயர்ப்பினின்றும் நம்மைக் காக்கும் பூட்டு அதுவே.

பூட்டு என்றவுடன் ஒன்று கூறவேண்டும். முகவரிக்கு அருகே சிறு பூட்டுப் படம் இருந்தால் தளம் நல்லது என்று பலர் நம்பி வந்தனர். அப்பூட்டு, வழியில் உறையைப் பிரிப்பாரில்லை என்று மட்டுமே சொல்லிற்று. உறையைப் பெறுவார் நல்லவர் என்று சொல்லவில்லை. கள்வனும் தன் தளத்திற்குச் சான்றிதழ் பெறலாம். இத்தவறான நம்பிக்கை பெருகியமையின், 2023 செப்டம்பரில் குரோம் உலாவி அப்படத்தையே மாற்றிவிட்டது. ஆகவே, பூட்டினைத் தேடுதலை விடுத்து முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தலே தகுதி.

வி.பி.என். என்னும் கருவியை விளம்பரஞ் செய்வோர், அதனை வாங்கினால் எல்லா இடரும் நீங்கும் என்பர். அது நம் செய்தியையெல்லாம் ஒரு மறைகுழாயினுட் புகுத்தி, அந்நிறுவனத்தின் கணினியிற் கொண்டுபோய் விடுகின்றது. விடுதிக்காரர் காணாதவாறு செய்வது மெய்யே. ஆனால் விடுதிக்காரர் கண்டிருக்கக் கூடியதையெல்லாம் இனி வி.பி.என். நிறுவனம் காணும். நம்பிக்கை ஒழியவில்லை, கை மாறிற்று. 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ என்னும் இலவச வி.பி.என்., பயனரைக் காப்பதாகக் கூறிக்கொண்டே அவர் எச்செயலிகளைப் பயன்படுத்துகின்றனர் என்ற செய்தியைத் திரட்டி வந்தது. 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் விதிகட்கு ஒவ்வாமையின் அங்காடியினின்றும் நீக்கப்பட்டது. நற்பெயருடைய கட்டண வி.பி.என். சிலர்க்கு வேண்டுவதே. இலவசமாய் வருவதை, இலவச இணைப்பை ஐயுறும் அளவிற்கேனும் ஐயுறுக. போலிப் பக்கத்திற் கடவுச்சொல்லை இடுவாரை எந்த வி.பி.என்.னும் காவாது.

இத்துணையும் வழிப்போக்கர் கடமை. ஆயின், எல்லாப் பொறுப்பையும் வழிப்போக்கர் தலையிலேயே சுமத்தி, ‘ஏமாந்தாய், உன் குற்றம்’ என்று கூறிவிடுதல் அறமாகுமோ? சத்திரத்திற் களவு போயின் சத்திரத்து மணியகாரரையும் வினவுதல் முறையன்றோ? பொது இணைப்பை வழங்குவோர்க்கு நான்கு கடமைகள் உண்டு என்பது எமது துணிபு. தம் இணைப்பின் சரியான பெயரைப் பலரும் காணுமாறு பலகையில் எழுதி வைத்தல் ஒன்று. வாயிற்பக்கத்தில் வேண்டியதற்கு மேல் ஒரு சொல்லும் கேளாமை இரண்டு. நிபந்தனைகளை அவ்வூர் மக்கள் மொழியில், நம் நாட்டில் தமிழில், நான்கு வரியிலே எழுதுதல் மூன்று. இன்று நம்மனோர் பலர் தாம் படிக்க இயலாத ஆங்கிலப் பத்திகளின் கீழே ‘ஒப்புகின்றேன்’ என்று விரல் வைக்கின்றனர். படியாது ஒப்புதலைப் பழக்கியபின் போலிப் பக்கத்தை மட்டும் படிக்க வேண்டும் என்றால் யாங்ஙனம் கூடும்? கடவுச்சொல் கேளாத திறந்த இணைப்பிலும் ஒவ்வொருவர் அலையையும் தனித்தனியே மறைமொழியாக்கும் புதிய முறை இப்போது வந்துள்ளது. அதற்கேற்ற பெட்டிகளை அமைத்தல் நான்கு. சிறு கடைக்காரரும் வைஃபை வழங்குமாறு ஊக்கும் பி.எம்.-வாணி திட்டத்தை நம் அரசு 2020 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. தேநீர்க் கடையும் வலைச் சத்திரமாகும் காலத்தில் இக்கடமைகள் இன்னும் இன்றியமையாதனவாகும்.

கல்லூரிகட்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எடுரோம் என்னும் ஏற்பாடு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதிற் சேர்ந்த கல்வி நிலையத்தின் மாணவர், அதிற் சேர்ந்த மற்றெந்த நிலையத்திற்குச் சென்றாலும், தம் கல்லூரி தந்த அடையாளத்தைக் கொண்டே அங்குள்ள இணைப்பைப் பெறுவர். சான்றிதழைச் சரிபார்க்குமாறு கருவியை முறையாக அமைத்துவிட்டால், கடவுச்சொல் நம் கல்லூரிக்கன்றி வேறெவர்க்கும் புலப்படாது. போலிப் பெயர் வைத்தவனை நம் செல்பேசியே கண்டு விலகும். நம் நாட்டில் எர்நெட் அமைப்பு இதனை நடத்தி வருகின்றது. போட்டிக்கும் கருத்தரங்கிற்கும் ஆய்வுக்கும் ஊர்தோறும் செல்லும் மாணவர்க்கு இதனினும் நல்ல சத்திரம் இல்லை. இதுகாறும் சேராத கல்லூரிகள் சேர்தல் வேண்டும் என்றும், சேர்ந்தவை புதிய மாணவர்க்கு அதனை அமைக்கும் முறையை முதல் வாரத்திலேயே கற்பித்தல் வேண்டும் என்றும் விழைகின்றோம்.

இவ்வளவு காத்தும் ஊறு நேருமாயின், நாணத்தால் வாய்மூடி இருத்தல் கூடாது. கடவுச்சொல்லை வேறொரு நம்பத்தக்க இணைப்பினின்றும் உடனே மாற்றி, பிற கருவிகளில் திறந்திருக்கும் கணக்குக்களையெல்லாம் மூடுமாறு செய்து, பணம் போயிருப்பின் 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். முதற் சில மணி நேரத்திற் சொன்னார்க்குப் பணம் நிறுத்திவைக்கப்படும் வாய்ப்பு மிகுதி. ஏமாந்தாரை எள்ளி நகையாடும் வழக்கத்தையும் நாம் விடுதல் வேண்டும். அந்நகைக்கு அஞ்சியே பலர் சொல்லாது ஒளிக்கின்றனர், ஒளிக்குந்தோறும் கள்வர் வாழ்கின்றனர்.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் தம் குடும்பத்திலே இக்கருவிகளை முதன்முதலாகக் கையாளும் தலைமுறையினர். கல்லூரி நுழைவிற்கும் தேர்விற்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க, இரயில் நிலையத்து மேடையிலும் பேருந்து நிலையத்து விசிப்பலகையிலும் அமர்ந்து இணைப்பைத் தேடுபவர் நாம். நம் பெற்றோரும் தம் செல்பேசியை நம் கையிற் கொடுத்து, ‘இதைப் பார்த்துச் சொல்’ என்கின்றனர். அவர்க்கு, ‘தொடாதே’ என்று சொல்லி அச்சுறுத்துதல் எளிது, பெயரைக் கேள், முகவரியைப் படி, கேட்பது மிகையானாற் கொடாதே என்று மும்மொழியைக் கற்பித்தல் அதனினும் சிறிதளவே கடினம், பயனோ பன்மடங்கு. சத்திரங்கள் ஏழைக்காக எழுந்தவை. கள்வர்க்கு அஞ்சி ஏழை அதனை விட்டு ஒழிவானாயின், கள்வன் கவர்ந்தது பணமுடிப்பு மட்டுமன்று, சத்திரத்தையே கவர்ந்தானாவான். அது நேராவண்ணம், மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சத்திரத்தினுள் நிமிர்ந்து செல்வோமாக.